பொயிலரா, ஹீற் பம்பா: பிரித்தானியாவில் வீடு வைத்திருக்கும் உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

ஹரோ, ஈஸ்ற்ஹாம், ரூற்றிங், குறொய்டன் எனப் பல இடங்களிலும் சொந்த வீட்டில் இருக்கும் உறவுகளுக்கும், வீட்டை வாடகைக்கு விட்டிருப்போருக்கும், கோயில், தமிழ்ப் பாடசாலை நிர்வாகங்களுக்கும் வணக்கம்.

நாங்கள் வீடுகளுக்கு வெப்பமூட்டும் வேலை செய்பவர்கள். காஸ் பொயிலரும் பூட்டுகிறோம், வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்து வீட்டுக்குள் தரும் ஹீற் பம்பும் பூட்டுகிறோம். இரண்டில் ஒன்றை உங்கள் தலையில் கட்டவேண்டிய தேவை எங்களுக்கு இல்லை.

நம் ஆட்களிடையே இப்போது இரண்டு கதைகள் ஓடுகின்றன. ஹீற் பம்ப் போட்டால் பில் பாதியாகும் என்கிறது துண்டுப்பிரசுரம். போட்டவன் மின்சாரப் பில்லைப் பார்த்துத் தலையில் கை வைத்திருக்கிறான் என்கிறது கலியாண வீட்டுக் கதை. பாதியாகும் என்பது பெரும்பாலும் மிகை. ஆனால் ஒரே தெருவில், ஒரே கம்பனி ஹீற் பம்பை வைத்துக்கொண்டு ஒரு வீடு சந்தோசமாகவும் பக்கத்து வீடு கோபமாகவும் இருப்பதற்குக் காரணம் உண்டு. இயந்திரத்தைவிட, றேடியேற்றருக்குப் போகும் தண்ணீர் எத்தனை பாகை சூட்டில் போகிறது என்பதே அதில் பெரும் பங்கைத் தீர்மானிக்கிறது. பூட்டுபவர்கள் இதை ஃப்ளோ வெப்பநிலை என்பார்கள். இந்த மடல் முழுக்க அதைச் சுற்றித்தான்.

முதலில் விலை. மின்சார, காஸ் சந்தையை ஒழுங்குபடுத்தும் ஒஃப்ஜெம்மின் விலை உச்சவரம்பின்படி 2025 ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை மின்சாரம் அலகு ஒன்று 26.35 பென்ஸாகவும் காஸ் 6.29 பென்ஸாகவும் இருந்தன. அலகு என்றால் ஒரு கிலோவாற் மணி. இந்த வரம்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும், இடத்துக்கு இடமும் சற்று வேறுபடும். இந்தக் கணக்குப்படி ஓர் அலகு மின்சாரத்தின் விலை ஓர் அலகு காஸின் விலையைப்போல 4.19 மடங்கு.

இனித் திறன். புதுப் பொயிலரின் பெட்டியில் 92 சதவீதம், 94 சதவீதம் என்று எழுதியிருக்கும். றேடியேற்றரிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் ஏறக்குறைய 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி பொயிலருக்குள்ளேயே ஒடுங்கித் தன் வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும். பெட்டியில் எழுதிய திறன் அப்போதுதான் கிடைக்கும். நம் வீடுகளில் பல பொயிலர்கள் பூட்டிய நாளிலிருந்து 70, 75 பாகையில் நிற்கின்றன. ஆகவே நடைமுறையில் 85 சதவீதம் என்று எடுப்பதே நியாயம். ஹீற் பம்ப் வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்து உள்ளே தள்ளுவதால் ஓர் அலகு மின்சாரத்துக்கு இரண்டரை முதல் நாலு அலகுவரை, சில வீடுகளில் அதற்கும் மேலே, வெப்பம் தரும். வருடம் முழுவதுக்குமான இந்தச் சராசரியை வருடத் திறன் என்று வைத்துக்கொள்வோம். விலை விகிதம் 4.19ஐ 0.85ஆல் பெருக்கினால் 3.56. உங்கள் ஹீற் பம்பின் வருடத் திறன் இதைத் தாண்டினால் எரிபொருட் செலவு காஸைவிடக் குறைவு, தாண்டாவிட்டால் அதிகம்.

அரசின் பணத்தில் இந்த நாட்டில் நடந்த ஒரு பெரிய பரிசோதனைத் திட்டத்தில் 742 வீடுகளில் ஹீற் பம்ப் பூட்டி அளந்து பார்த்தார்கள். காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் பம்புகளின் நடுமதிப்பு 2.8ஐ ஒட்டி வந்தது. அதாவது நடுத்தரமாகப் பூட்டிய ஹீற் பம்ப், சாதாரண மின்கட்டணத்தில், காஸைவிடக் கூடத்தான் செலவு வைக்கும். விற்க வருபவர் இதைச் சொல்லமாட்டார். அதேநேரம் அதே வகை இயந்திரங்கள் கவனமாக வடிவமைத்த வீடுகளில் 4ஐத் தொடுகின்றன.

ஒரு வீட்டை எடுத்துப் பார்ப்போம். 1930களில் கட்டிய மூன்று அறை செமி (ஒரு பக்கம் அடுத்த வீட்டோடு ஒட்டியது), வருடத்துக்கு 14,000 அலகு காஸ். அதில் 500 அலகு அடுப்புக்கு, மிச்சம் 13,500 பொயிலருக்கு. 85 சதவீதத்தில் அது வீட்டுக்குத் தருவது 11,475 அலகு வெப்பம். பொயிலருக்கான காஸ் 849 பவுண், அடுப்புக்கு 31 பவுண். ஸ்ராண்டிங் சார்ஜ் எனப்படும் அன்றாட நிலைக்கட்டணம் அதே மூன்று மாதத்தில் நாளுக்கு 34.03 பென்ஸ், வருடத்துக்கு 124 பவுண். எல்லாம் சேர்த்து 1,005 பவுண் அளவு.

இதே வெப்பத்தை வருடத் திறன் 2.5 உள்ள ஹீற் பம்ப் தந்தால் மின்சாரம் 4,590 அலகு, 1,209 பவுண். 2.8 என்றால் 1,080 பவுண். 3.6 என்றால் 840 பவுண். அடுப்பையும் மின்சார இன்டக்ஷன் வகைக்கு மாற்றிக் காஸ் மீற்றரையே எடுத்துவிட்டால் நிலைக்கட்டணம் நின்றுவிடும். சமையலுக்கு வருடம் 240 அலகு மின்சாரம், 63 பவுண் என்று வைத்துக்கொண்டால், காஸோடு சமனாகும் புள்ளி 3.56இலிருந்து 3.2க்கு இறங்கும். குசினியில் இருக்கும் அடுப்பு இந்தக் கணக்கில் இவ்வளவு தூரம் பேசும் என்று பலர் நினைப்பதில்லை.

இனி 15 வருடக் கணக்கு. விலைகள் மேலே சொன்னபடியே இருக்கும் என்று வைத்துக்கொள்கிறோம். புதுப் பொயிலர் பூட்ட 3,000 பவுண், சேர்விஸ் வருடம் 100. ஹீற் பம்ப் வேலை முழுவதுக்கும் 13,000 பவுண், அதில் அரசு மானியம் 7,500 போக 5,500. சேர்விஸ் வருடம் 200, இன்டக்ஷன் அடுப்பும் அதற்கான வயர் வேலையும் 700. பொயிலர் வீடு 15 வருடத்தில் 19,600 பவுண் செலவழிக்கும். திறன் 3.6 உள்ள ஹீற் பம்ப், சாதாரணக் கட்டணத்தில், 22,700. அதே பம்ப், நேரத்துக்கு ஏற்ப விலை மாறும் கட்டணத் திட்டத்தில் ஓடி, சராசரி அலகு விலை 20 பென்ஸாக இறங்கினால் 19,700. திறன் 2.5இல் சாதாரணக் கட்டணத்தில் தள்ளாடும் பம்ப் 28,300.

இந்த நாலு எண்களையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நல்ல ஹீற் பம்ப், நல்ல கட்டணத் திட்டத்தோடு, பொயிலருக்குச் சமமாக வருகிறது. மோசமாகப் பூட்டிய ஹீற் பம்ப் அதைவிட 8,000 பவுணுக்கு மேல் கூட. இயந்திரத்தின் விலையில் 500 பவுண் குறைத்துத் தரச்சொல்லிப் பேரம் பேசும் நேரத்தை, அந்த எட்டாயிரத்தைப் பற்றிக் கேள்வி கேட்பதில் செலவழிப்பது உத்தமம்.

விலைகள் அப்படியே இருக்கப் போவதில்லை. காஸ் அலகுக்கு ஒரு பென்ஸ் ஏறினால் இந்த வீட்டின் 15 வருடப் பொயிலர்ச் செலவு 2,100 பவுண் ஏறும். மின்சாரம் ஒரு பென்ஸ் ஏறினால் நல்ல ஹீற் பம்ப் வீட்டுக்கு ஏறுவது 514 பவுண்தான், ஏனென்றால் அங்கே வாங்கும் அலகுகளே குறைவு. 2022 ஒக்ரோபரில் அரசு விலையைக் கட்டிப் பிடித்தபோதுகூட காஸ் 10.3 பென்ஸ், மின்சாரம் 34 பென்ஸ். அந்த விலையில் பொயிலர் வீட்டின் காஸுக்கு வருடம் 1,442 பவுண், 3.6 திறனில் ஓடும் வீட்டின் மின்சாரத்துக்கு 1,165 பவுண். இன்னொரு பக்கம், 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில், மின்பில்லில் ஏற்றப்பட்டிருந்த பழைய புதுப்பிக்கத்தக்க மின்சாரத் திட்டச் செலவின் பெரும்பகுதியை 2026 ஏப்ரலிலிருந்து திறைசேரி ஏற்கும் என்று அறிவித்தார்கள். இந்த விகிதம் ஹீற் பம்ப் பக்கம் மெல்லச் சாயும் என்பது எங்கள் கணிப்பு. எவ்வளவு, எப்போது என்று சத்தியம் செய்பவரை நம்பாதீர்கள்.

சரி, 2.5ஐயும் 3.6ஐயும் பிரிப்பது எது?

ஹீற் பம்ப் எவ்வளவு சூடாகத் தண்ணீர் தரவேண்டுமோ அவ்வளவுக்கு அதன் கம்பிரசர் பாடுபடும். ஃப்ளோ வெப்பநிலை ஒரு பாகை கூடினால் திறனில் ஏறக்குறைய இரண்டு சதவீதம் போகும். 45 பாகையில் நன்றாக ஓடும் இயந்திரத்தை 55க்கு ஏற்றினால் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே தொலைந்தது. 45 பாகைத் தண்ணீரால் வீட்டைச் சூடாக்க வேண்டுமானால் றேடியேற்றரின் பரப்பு போதவேண்டும். கடையில் விற்கும் றேடியேற்றரில் எழுதிய வாற் அளவு, அது அறையைவிடச் சராசரி 50 பாகை சூடாக இருக்கும்போது தருவது. 45 பாகையில் போய் 40இல் திரும்பும் தண்ணீர், 20 பாகை அறையில், 22.5 பாகை வித்தியாசம்தான் தரும். அப்போது வெப்பம் எழுதியதில் 35 சதவீதம். 1,500 வாற் என்று வாங்கிய றேடியேற்றர் 530 வாற் தரும். ஆகவே ஒற்றைத் தகடு இருக்கும் இடத்தில் அதே நீள அகலத்தில் இரட்டைத் தகடு, இரட்டைச் செதில் கொண்ட வகை 22 போடுவார்கள். சுவரில் அதே இடம்தான், சற்றுத் தடிப்பு, வெப்பம் இரட்டிப்பை நெருங்கும். எல்லா அறைக்கும் தேவைப்படாது. பெரும்பாலும் பின்னால் இழுத்துக் கட்டிய குசினி, வெளிச்சுவர் மூன்று பக்கமும் உள்ள சின்ன அறை, இவைதான் மாட்டிக்கொள்ளும்.

எது மாட்டிக்கொள்ளும் என்பதை நீங்களே காசு செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். கடும் குளிர் நாளொன்றில் பொயிலரின் வெப்பமூட்டல் சூட்டை 50 பாகைக்கு இறக்குங்கள். தாங்கி இல்லாமல் குழாய்த் தண்ணீரை உடனுக்குடன் சூடாக்கும் கொம்பி பொயிலரில் இரண்டு குமிழ்கள் அல்லது இரண்டு அமைப்புகள் இருக்கும், றேடியேற்றர்ப் படம் போட்டதை மட்டும் தொடுங்கள், குழாய்ப் படம் போட்டதை விட்டுவிடுங்கள். தனியே சுடுநீர்த் தாங்கி உள்ள வீடென்றால் இதைச் செய்யமுன் கேளுங்கள், தாங்கித் தண்ணீர் 60 பாகை சேராவிட்டால் லீஜியனெல்லாக் கிருமி வளர இடம் கொடுத்ததாகும். றேடியேற்றர் வால்வுகளை எல்லாம் திறந்து, காலை முதல் இரவுவரை தொடர்ந்து ஓடவிடுங்கள். எல்லா அறையும் 20 பாகையைத் தொட்டால் உங்கள் வீடு இன்றைக்கே ஹீற் பம்புக்குக் கிட்டத்தட்டத் தயார். ஒன்றிரண்டு அறைகள் 17இலேயே நின்றால் அந்த அறைகளின் றேடியேற்றரை மட்டும் மாற்றினால் போதும். ஹீற் பம்ப் வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் பழைய 75க்குத் திருப்பி ஏற்றாதீர்கள். 55, 60இல் விட்டால் அதே பொயிலர் குறைந்த காஸில் ஓடும். இந்த மடலில் உள்ளவற்றில் இன்றைக்கே பணம் மிச்சம் பிடிக்கும் விசயம் இதுதான்.

அடுத்தது அளவு. வருடக் காஸ் அலகை 2,900ஆல் பிரித்தால் வீட்டுக்குத் தேவையான கிலோவாற் தோராயமாக வரும். எங்கள் உதாரண வீட்டுக்கு 13,500ஐப் பிரித்தால் 4.7 கிலோவாற். லண்டனில் வெளியே மைனஸ் 2 பாகை இருக்கும் நாளுக்கு இது போதும். ஆனால் இந்த வீட்டில் 28 கிலோவாற் பொயிலர்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். கொம்பி பொயிலர் அவ்வளவு பெரிதாக இருப்பது ஷவருக்கு உடனடியாகத் தண்ணீர் சூடாக்க, வீட்டுக்காக அல்ல. இதைப் புரியாத அல்லது புரிந்தும் பயப்படும் பூட்டுபவர் பாதுகாப்புக்கென்று 10, 12 கிலோவாற் பம்பை எழுதுவார். லண்டன் குளிர்காலத்தின் பெரும்பகுதி 5 முதல் 10 பாகைக்குள். 8 பாகை நாளில் இந்த வீடு கேட்பது 2.6 கிலோவாற்தான். பெரிய பம்ப் அவ்வளவு கீழே இறங்கி ஓடமுடியாமல் பத்து நிமிடம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். திறன் விழும், கம்பிரசரும் சீக்கிரம் தேயும். பழைய காஸ் மீற்றர் கன அடியில் காட்டினாலும் கன மீற்றரில் காட்டினாலும் பில்லில் கிலோவாற் மணி இருக்கும். ஒரு கன மீற்றர் ஏறக்குறைய 11.2 அலகு. பன்னிரண்டு மாதப் பில்லை எடுத்து இந்தப் பிரித்தலைச் செய்து வைத்துக்கொண்டு பூட்டுபவரோடு பேசுங்கள்.

குழாய் விசயமும் உண்டு. பொயிலரில் போகும் தண்ணீருக்கும் வரும் தண்ணீருக்கும் 20 பாகை வித்தியாசம் இருக்கலாம், ஹீற் பம்பில் 5 பாகைதான். அதனால் 5 கிலோவாற் கொண்டுபோக நிமிடத்துக்கு 3.6 லீற்றருக்குப் பதில் 14 லீற்றர் ஓடவேண்டும். 22 மில்லிமீற்றர் பிரதான குழாய் இதைத் தாங்கும். 1970, 80களில் போட்ட 8 அல்லது 10 மில்லிமீற்றர் மெல்லிய குழாய்கள் உள்ள வீடுகளில் நிலக்கம்பளத்தைத் தூக்கிப் பார்க்காமல் விலை சொல்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

பூட்டிய பின் நாங்கள் திருத்தப் போகும் வீடுகளில் திரும்பத் திரும்பக் காண்பவை சில. பம்புக்கும் றேடியேற்றருக்கும் நடுவில் தண்ணீரைத் தேக்கும் பஃபர் தாங்கி ஒன்றை வைத்திருப்பார்கள், பம்பிலிருந்து வரும் 45 பாகைத் தண்ணீர் அதற்குள் திரும்பும் தண்ணீரோடு கலந்து 40ஆக றேடியேற்றருக்குப் போகும், வீடு சூடாகவில்லை என்று பம்பை 50க்கு ஏற்றியிருப்பார்கள். சின்ன வீட்டுக்கு அந்தத் தாங்கி பெரும்பாலும் தேவையே இல்லை. வெளிக் குளிருக்கு ஏற்பத் தண்ணீர்ச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வெதர் கொம்பன்சேஷன் அமைப்பை உபயோகிக்காமல், வருடம் முழுக்க 55இல் பூட்டிவிட்டுப் போயிருப்பார்கள். பொயிலரோடு இருந்த பழைய தேர்மோஸ்ரற்றையே இணைத்து, பம்பை விளக்குச் சுவிச் மாதிரிப் போட்டு அணைக்க விட்டிருப்பார்கள். வடிகட்டி அடைத்திருக்கும், பழைய றேடியேற்றர்களின் கறுப்புச் சேறு கழுவப்படாமல் வந்து அடைத்தது அது. பம்பின் வெளிப் பெட்டி ஈரக் குளிரில் தன்மேல் படியும் பனியை உருக்கும்போது தண்ணீர் வடியும். வடிகால் வைக்காவிட்டால் அது நடைபாதையில் உறைந்து கண்ணாடியாகக் கிடக்கும். தபால்காரர் விழுந்த பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

வீட்டுக்காரர் பக்கத் தவறு இரண்டு. பாவிக்காத அறைகளின் றேடியேற்றர்களை மூடுவது: மிச்ச றேடியேற்றர்கள் போதாமல் தண்ணீர் இன்னும் சூடாகவேண்டி வரும், மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவு. காலை ஒரு மணிநேரம், பின்னேரம் ஒரு மணிநேரம் என்று போட்டு அணைக்கும் பொயிலர்ப் பழக்கம்: ஹீற் பம்ப் குளிர்காலத்தில் மெதுவாக நாள் முழுக்க ஓடவேண்டியது. இரவில் இரண்டு பாகை குறைத்தால் போதும்.

சுடுநீர்தான் நம் குடும்பங்களில் சண்டை வரும் இடம். கொம்பி வந்தபோது மாடியில் இருந்த பழைய தாங்கியை எடுத்து, அந்த அலுமாரியைச் சாமி அறையாக்கிய வீடுகள் எத்தனையோ. ஹீற் பம்புக்குத் தாங்கி கட்டாயம், 60க்கு 60 சென்ரிமீற்றர் இடமும் ஆள் உயரமும் வேண்டும். பிள்ளையாரை எங்கே வைப்பது என்பதை விலை கேட்கமுன் வீட்டில் பேசி முடியுங்கள். அளவுக் கணக்கு இப்படி: ஒருவர் எட்டு நிமிடம் ஷவர் எடுத்தால் 40 பாகையில் 64 லீற்றர். தாங்கி 50 பாகை, குழாய்த் தண்ணீர் 10 பாகை என்றால் அதில் 48 லீற்றர் தாங்கியிலிருந்து போகும். 210 லீற்றர்த் தாங்கி நாலு பேருக்கு. அம்மா, அப்பா, மாமி என்று ஆறு பேர் உள்ள வீட்டுக்கு 250, 300 லீற்றர் பாருங்கள். சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு உள்ள வீட்டில் இதில் கஞ்சத்தனம் வேண்டாம். 200 லீற்றரைத் திரும்பச் சூடாக்க 9 அலகுக்கு மேல் வெப்பம் வேண்டும், 6 கிலோவாற் பம்புக்கு ஒன்றரை மணிநேரம். தாங்கிக்குள் இருக்கும் சுருள் 2.5 முதல் 3 சதுர மீற்றர் பரப்பு உள்ள ஹீற் பம்ப் வகையாக இருக்கவேண்டும். பழைய பொயிலர்த் தாங்கியை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பவர் உங்களுக்கு 500 பவுண் மிச்சம் பிடித்துத் தந்து, வருடாவருடம் அதைத் திருப்பி எடுப்பார். கிழமைக்கு ஒருமுறை 60 பாகைக்கு ஏற்றும் நேரத்தை மலிவு மின்சார நேரத்தில் வையுங்கள்.

மலிவு நேரம் பற்றி: ஒக்டோபஸ் நிறுவனத்தின் கோசி போன்ற திட்டங்களில் அதிகாலை 4 முதல் 7, பகல் 1 முதல் 4, இரவு 10 முதல் 12 வரை விலை ஏறக்குறைய பாதி. மாலை 4 முதல் 7 வரை விலை அதிகம். மாலை நாலுக்கு முன் வீட்டை ஒரு பாகை கூடச் சூடாக்கி வைத்து, அந்த மூன்று மணிநேரம் பம்பைத் தணித்தால்தான் மேலே சொன்ன 20 பென்ஸ் கைக்கு எட்டும். ஸ்மார்ட் மீற்றர் இல்லாமல் இது இல்லை.

குசினி. ஹீற் பம்ப் போட்டாலும் காஸ் அடுப்பை வைத்திருக்கலாம், மானியத்துக்கு அது தடையில்லை. ஆனால் 31 பவுண் காஸுக்காக 124 பவுண் நிலைக்கட்டணம் கட்டுவீர்கள். இன்டக்ஷனில் இரும்புத் தோசைக்கல், காந்தம் ஒட்டும் தட்டையான அடி உள்ள எவர்சில்வர்ச் சட்டி, குக்கர் எல்லாம் வேலை செய்யும். அலுமினிய இட்லிப் பானை, பித்தளை, மண்சட்டி வேலை செய்யாது. பழைய பாத்திரங்களில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அப்பளம் சுட, கத்தரிக்காய் சுட நெருப்பு வேண்டும் என்பவர்களோடு நாங்கள் வாதாடுவதில்லை, ஆனால் கணக்கு கணக்குத்தான்.

வாடகைக்கு விடுபவர்களுக்குத் தனியாக. மானியம் உங்களுக்கும் உண்டு. காஸ் முற்றாக இல்லாத வீட்டுக்கு வருடாந்தக் காஸ் பாதுகாப்புச் சான்றிதழும் தேவையில்லை. ஆனால் முதலைப் போடுவது நீங்கள், பில் கட்டுவது வாடகைக்கு இருப்பவர். மலிவாகப் பூட்டிய 2.5 திறன் பம்பின் கூடுதல் செலவு முழுவதும் அந்தக் குடும்பத்தின் தலையில் விழும். பிறகு அவர்கள் அறைக்கு அறை மின்சார ஹீற்றர் வாங்கி வைப்பார்கள், சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், வீடு காலியாகும்.

கோயில் மண்டபங்களுக்கும் சனிக்கிழமைப் பாடசாலைக் கட்டடங்களுக்கும் மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது. உயரக் கூரை, அடிக்கடி திறக்கும் கதவு, கிழமையில் சில மணிநேரப் பாவனை. தண்ணீர் வழியாக மெதுவாகச் சூடாக்கும் முறை இதற்கு உகந்ததல்ல. சுவரில் மாட்டும் ஏ.சி. வகை ஹீற் பம்புகள் அரைமணி நேரத்தில் சூடு தரும், அவற்றைப் பாருங்கள். ஐயர் குடியிருக்கும் பின்வீட்டுக்கு மட்டும் வீட்டுக் கணக்கு.

மானியம் எப்படி என்றால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொயிலர் அப்கிரேட் திட்டத்தின்கீழ் 7,500 பவுண். 2023 ஒக்ரோபரில் 5,000இலிருந்து ஏற்றினார்கள். எம்.சி.எஸ். என்ற தரச் சான்று பெற்ற பூட்டுபவர்தான் விண்ணப்பிப்பார், உங்கள் பில்லிலிருந்து கழிப்பார். உங்களிடம் முன்பணமாக இந்தத் தொகையைக் கேட்டால் கதவைக் காட்டுங்கள். பொயிலரையும் வைத்துக்கொண்டு பம்பும் சேர்க்கும் கலப்பு முறைக்கு இது இல்லை. ஸ்கொட்லாந்தில் தனித் திட்டம். வீட்டுக் கூரைக் காப்பு இருந்தால்தான் மானியம் என்ற விதியை 2024 மேயில் எடுத்துவிட்டார்கள். விதி போனது, குளிர் போகவில்லை: கூரைக்குள் 270 மில்லிமீற்றர் பஞ்சு இல்லாவிட்டால் முதலில் அதைப் போடுங்கள், பம்பே ஓர் அளவு சின்னதாகலாம். வெளிப் பெட்டி காணி எல்லையிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி இருக்கவேண்டும் என்ற விதியும் இங்கிலாந்தில் 2025 மேயில் நீங்கியது. ஈஸ்ற்ஹாம் மாதிரி ஒடுக்கமான வரிசை வீடுகளுக்கு இது பெரிய விசயம், ஆனால் சத்த அளவு விதி இன்னும் உண்டு. லீஸ்ஹோல்ட் ஃபிளற்றுக்குக் கட்டடச் சொந்தக்காரரின் அனுமதி வேண்டும்.

விலை எழுதித் தருபவரிடம் எழுத்தில் கேட்கவேண்டியவை இவை. அறை அறையாக வெப்ப இழப்புக் கணக்கு எங்கே? மைனஸ் 2 பாகை நாளில் ஃப்ளோ வெப்பநிலை எத்தனை? 45க்கு மேல் என்றால் எந்த றேடியேற்றரை மாற்றினால் 45க்கு வரும், அதற்கு எவ்வளவு? பஃபர் தாங்கி உண்டா, உண்டென்றால் ஏன்? வெதர் கொம்பன்சேஷனை அமைத்து, முதல் குளிர்காலத்தில் ஒருமுறை வந்து சரிசெய்து தருவீர்களா? வீட்டின் பிரதான ஃபியூஸ் எத்தனை அம்பியர், பக்கத்து வீட்டோடு பகிரும் இணைப்பா, மின்வலையமைப்பு நிறுவனத்துக்கு யார் அறிவிப்பது? இவற்றுக்குத் தடுமாறாமல் பதில் சொல்பவர் ஆயிரம் பவுண் கூடக் கேட்டாலும் அவரிடம் போங்கள்.

உங்கள் பொயிலருக்கு ஐந்தாறு வயதுதான் என்றால் அவசரமே இல்லை. சூட்டை இறக்கி ஓடவிடுங்கள், கூரையைக் காப்பிடுங்கள், எந்த அறையையாவது திருத்தும்போது அங்கே வகை 22 றேடியேற்றரைப் போட்டுவைங்கள். பன்னிரண்டைத் தாண்டிய பொயிலர் என்றால் கதை வேறு. அது பெரும்பாலும் ஜனவரிக் குளிரில்தான் சாகும். அப்போது வீட்டில் குழந்தையும் முதியவரும் நடுங்க, இரண்டு நாளில் கிடைக்கும் எந்தப் பொயிலரையும் மாட்டி இன்னும் 15 வருடத்துக்குக் கைகட்டி நிற்பீர்கள். ஹீற் பம்புக்கு அளவெடுப்பு, மானிய விண்ணப்பம், மின்வலையமைப்பு நிறுவனத்தின் சம்மதம் என்று வாரக்கணக்கில் ஆகும். ஆகவே 50 பாகைச் சோதனையை ஜனவரியிலேயே செய்யுங்கள். மாசி, பங்குனியில் இரண்டு மூன்று பேரிடம் வெப்ப இழப்புக் கணக்கோடு விலை எடுங்கள். மே, ஜூனில் பூட்டுங்கள், இரண்டு நாள் சுடுதண்ணீர் இல்லாவிட்டாலும் அப்போது யாரும் கோபிக்கமாட்டார்கள். பூட்டும் வேலைக்கான வட் வரி விலக்கு 2027 மார்ச் 31வரைதான்.

இப்படிக்கு,
பொயிலரும் பூட்டி ஹீற் பம்பும் பூட்டும் சிலர்